இடப்பக்கத்து ஜாடி

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, இரண்டாவது ஜாடியின் மேல் சுற்றியிருந்த செய்தித்தாளை டாக்டர் தெமெனுகா பிரித்தாள். உள்ளே சுட்டுத் தோலுரித்த சிவப்பு மிளகாய் இருந்தது.

மூடியைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. மிளகாய்களை நெருக்கி அடுக்கியிருந்தார்கள். நடுவில் இரண்டு பூண்டுப் பல் தெரிந்தது. கைப்பக்குவம் உள்ளவர் போட்ட ஜாடி.

அவள் எதிர்பார்த்தது ஒரு கைப்பிடிக் கொழுப்பு. ராங்கெல் என்பவரின் இடுப்புக்குள், இடது பக்கத்து ரத்தக்குழாய்களை ஒட்டி, செவ்வாய்க்கிழமை சுரண்டி எடுத்தது. அந்தக் கொழுப்புக்குள்தான் நிணநீர்க் கணுக்கள் இருக்கும். பயறளவில் சில, அவரை விதை அளவில் சில. அவற்றை விரலால் தடவித் தேடி எடுத்து, நறுக்கி, புற்று உள்ளே நுழைந்திருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பது அவள் வேலை. முப்பத்தோரு வருடமாக இதே வேலை.

ராங்கெலுக்கு அறுபத்து நான்கு வயது. ஆற்றங்கரைக் கப்பல் பட்டறையில் பெயின்டர். நாற்பது வருடமாகப் பெயின்ட் ஆவியும் சிகரெட் புகையும்; இந்தப் புற்றுக்கு இரண்டுமே வழி. சிறுநீரில் ரத்தம் வந்ததை ஒரு குளிர்காலம் முழுக்க மனைவியிடம் மறைத்திருந்தார். கடைசியில் ரத்தம் நிற்கவே இல்லை. முதலில் மருந்து, பிறகு கத்தி என்று போக அவகாசம் கிடைக்கவில்லை. சிறுநீர்ப்பையை முழுதாக எடுத்துவிட்டார்கள். பை ஒரு வாளியில் வந்தது. வலது பக்கத்துக் கணுக்கள் ஒரு ஜாடியில், இடது பக்கத்துக் கணுக்கள் இன்னொரு ஜாடியில்.

ஆகஸ்ட் மாதமே ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் டப்பா தீர்ந்துவிட்டது. எல்லோரும் வீட்டிலிருந்து ஊறுகாய் ஜாடி கொண்டுவந்தார்கள். கழுவி, திசு கெடாமல் இருக்க ஃபார்மலின் ஊற்றி, உடையாமல் இருக்கச் செய்தித்தாள் சுற்றி அனுப்புவார்கள். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

வலது ஜாடியை அவள் வியாழக்கிழமையே முடித்திருந்தாள். பதினான்கு கணுக்கள். வெட்டிப் பார்த்தவரை எதுவும் சந்தேகமாக இல்லை. ஆனால் ராங்கெலின் கட்டி வளர்ந்தது பையின் இடது சுவரில்.

பதிவேட்டைப் பார்த்தாள். 'வாளி ஒன்று, ஜாடி இரண்டு' என்று எழுதி, ஆய்வுக்கூட உதவியாளர் பென்கா கையெழுத்துப் போட்டிருந்தாள். பென்கா இன்று விடுப்பு. செப்டம்பரில் பாதி ஆஸ்பத்திரி விடுப்பில்தான் இருக்கும். மிளகாயையும் தக்காளியையும் ஜாடியில் அடைத்து, கெடாமல் இருக்கக் கொதிநீரில் வேகவைத்து, குளிர்காலத்துக்குச் சேமிக்கிற மாதம்.

பென்காவின் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. முழங்கை வரை மிளகாய்த் தோல் ஒட்டியிருக்கும். தெமெனுகா அறுவைக்கூடத்துக்கு அழைத்தாள். தலைமை நர்ஸ் ஸ்டோயங்கா எடுத்தாள்.

"ஸ்டோயங்கா, செவ்வாய்க்கிழமை பென்காகிட்ட என்னென்ன குடுத்த?"

"வாளி ஒண்ணு, ஜாடி ரெண்டு. ஏன் டாக்டர்?"

"வேற?"

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"வேற என்ன குடுத்த?"

"என் மிளகாய் ஜாடி பதினொண்ணு. வருஷா வருஷம் குடுக்கறதுதான். நான் இருக்கறது நாலாவது மாடி. அங்க டிரம் வச்சு அடுப்பெரிக்க முடியுமா சொல்லுங்க? பென்கா அவ ஊர்ல ஜாடி வேகவைக்கறப்போ என்னுதையும் சேர்த்துப் போடுவா."

"எல்லாம் ஒரே பெட்டியிலயா?"

"ஒரே பெட்டிதான். எல்லாத்துக்கும் பேப்பர் சுத்தி..." நிறுத்தினாள். "ஐயோ."

"உன் மிளகாய் என் மேஜை மேல இருக்கு."

"பூண்டு போட்டதா?"

"பூண்டு போட்டதுதான். பென்கா என்னிக்கு வேகவைக்கறா?"

"இன்னிக்குத்தான் டாக்டர். காலையிலயே அடுப்புப் பத்தவைப்பாங்க."

தெமெனுகா கையுறையைக் கழற்றினாள். மிளகாய் ஜாடியை ஓரமாக வைத்து, அதன் மேல் 'திறக்காதே' என்று ஒரு சீட்டு ஒட்டினாள். பிறகு மூன்றாவது மாடிக்கு ஏறினாள்.

அறுவை செய்தவன் டாக்டர் ஓக்னியான். அவள் வயதுதான், ஒரே கல்லூரி. ஆறு வருடம் முன்னால் இருவரும் வராந்தாவில் வைத்துச் சண்டை போட்டிருக்கிறார்கள். அவன் அனுப்பிய ஒரு நோயாளியின் கொழுப்பில் ஆறு கணுதான் இருக்கிறது என்று அவள் எழுதினாள். ஒழுங்காகத் தேடவில்லை என்று அவன் கத்தினான். நீ அனுப்பாததை நான் எண்ண முடியாது என்று அவள் கத்தினாள். மூன்று மாதம் பேச்சில்லை. அதற்குப் பிறகு அவன் ஐம்பத்திரண்டு வயதில் தலைநகருக்குப் போய், தன்னைவிட இளையவர்களின் பக்கத்தில் நின்று, கணுக்களை மேலே பெருந்தமனி பிரிகிற இடம் வரை எடுக்கக் கற்று வந்தான். பக்கத்துக்கு ஒரு ஜாடி என்று தனித்தனியாக அனுப்பவும் தொடங்கினான். அவளும் கொழுப்பைக் கடைசித் துணுக்கு வரை தடவிப் பார்க்கத் தொடங்கினாள். தப்பு யார் மேல் என்று இன்று வரை இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஓக்னியான் ஜன்னலோரம் காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"ராங்கெலோட இடது பக்கம் என்கிட்ட வரல," என்றாள்.

"நான் அனுப்பினேன்."

"அனுப்பினது தெரியும். எங்க இருக்குன்னும் தெரியும். பென்காவோட ஊர்ல, டிரம்ல வெந்துட்டிருக்கு."

அவன் கோப்பையை வைத்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். நான்கு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

"அந்தப் பக்கத்துக்கு ரெண்டு மணி நேரம் எடுத்துக்கிட்டேன், தெமெனுகா. தமனி மேல ஒட்டியிருந்ததை ஒவ்வொண்ணா உரிச்சேன்."

"தெரியுது."

"வியாழக்கிழமை கமிஷன்."

"அதுவும் தெரியும். வண்டிச் சாவியை எடு."

புற்றுநோய்க் கமிஷன் வியாழக்கிழமைகளில் கூடும். யாருக்கு மருந்து, யாருக்கு வீடு என்று முடிவு செய்வது அங்கேதான். கணுக்கள் எல்லாம் சுத்தம் என்றால் ராங்கெல் வீட்டுக்குப் போகலாம். ஒன்றில் நுழைந்திருந்தாலும் ஆறு வாரத்துக்குள் மருந்து ஏற்றத் தொடங்க வேண்டும். தாமதமானால் மருந்துக்குப் பலன் குறையும். இடது பக்கத்தைப் பார்க்காமல் இரண்டில் எதையும் அவளால் எழுத முடியாது.

ஊர் நாற்பது கிலோமீட்டர். ஓக்னியான் வேகமாக ஓட்டினான். சாலையின் இரண்டு பக்கமும் சூரியகாந்தி அறுப்புக்குக் கறுத்து நின்றது.

"போன வருஷம் மாநாட்டுல ஒருத்தன் பேசினான்," என்றான் அவன். "மேல வரைக்கும் ஏறி எடுத்தாலும், கீழயே நிறுத்திக்கிட்டாலும் ஆளுங்க ஒரே அளவுதான் உயிரோட இருக்காங்களாம். ஏறினா சிக்கல்தான் ஜாஸ்தியாம்."

"படிச்சேன்."

"அப்போ நான் ஆறு வருஷமா பண்றது வீணா?"

"கீழ இருக்கறதை மிச்சம் வைக்காம எடுக்கறது வீணில்ல. மேல ஏறறதைப் பத்தி எனக்குத் தெரியாது. அது உன் கத்தி."

"எடுத்தா பிழைப்பாங்கன்னு நான் நம்பறேன்."

"நீ நம்பிக்கோ. எனக்கு எண்ணிக்கை வேணும். எதுல நுழைஞ்சிருக்கு, எத்தனையில நுழைஞ்சிருக்குன்னு தெரிஞ்சாத்தான் அடுத்து என்னன்னு சொல்ல முடியும். ரோட்டைப் பாரு, டிராக்டர் வருது."

அவன் டிராக்டரைத் தாண்டினான்.

"வெந்திருந்தா?" என்றான்.

"வெந்திருந்தா என்ன?"

"சூப் ஆயிடாதா?"

"உன் அம்மா வைக்கற சூப்புல ஃபார்மலின் ஊத்துவாங்களா?"

ஊருக்குள் நுழைந்தபோது ஒவ்வொரு முற்றத்திலும் புகை. ஓடை தாண்டி மூன்றாவது வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார்கள்.

முற்றத்தின் நடுவில், செங்கல் மேல் வைத்த பெரிய எண்ணெய் டிரம் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் முக்காலியில் ஒருவர், மடியில் அலாரக் கடிகாரத்துடன் உட்கார்ந்திருந்தார். பென்காவின் கணவர் மெதோடி. பென்கா மேஜையில் மிளகாய் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டில் இரண்டு டாக்டர்களையும் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"டாக்டரம்மா, என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. ஸ்டோயங்கா குடுத்த பதினொண்ணும் எங்க?"

"டிரம்ல."

"அதுல பத்துதான் மிளகாய்."

பென்கா புரிந்துகொள்ள ஒரு கணம் ஆனது. கையிலிருந்த கத்தியை மெதுவாக மேஜை மேல் வைத்தாள். பிறகு பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான்தான் பெட்டியைத் தூக்கிட்டு வந்தேன். மேல இருந்த ரெண்டும் ஆஸ்பத்திரிதுன்னு நெனச்சு உங்க அலமாரில வச்சேன். பிரிச்சுப் பார்க்கல."

"பிரிக்காமக் கையெழுத்துப் போட்ட. அதைத் திங்கக்கிழமை பேசலாம். எவ்வளவு நேரமாக் கொதிக்குது?"

மெதோடி கடிகாரத்தைப் பார்த்தார். "இருபத்திரண்டு நிமிஷம். இன்னும் பதினெட்டு இருக்கு."

ஓக்னியான் டிரம்மை நோக்கிப் போனான். "அடுப்பை அணைங்க. வெளிய எடுக்கணும்."

மெதோடி முக்காலியை விட்டு எழவில்லை. "டாக்டர், நூத்தி நாப்பது ஜாடி உள்ள இருக்கு. பாதியில நிறுத்தினா அத்தனையும் கெட்டுப்போகும். பிப்ரவரியில வயித்து வலின்னு உங்ககிட்டதான் வருவேன்."

"இது ஒரு மனுஷன் உயிர் சம்பந்தப்பட்டது, ஐயா."

"அப்போ சொல்லுங்க. எது அந்த ஜாடி? எல்லாத்துக்கும் பேப்பர் சுத்தியிருக்கு. கொதிக்கற தண்ணிக்குள்ள கைய விட்டுத் தேடுவீங்களா?"

ஓக்னியான் ஒரு வாளியைப் பார்த்தான். பச்சைத் தண்ணீர் நிறைந்த வாளி. அதை நோக்கி அவன் கை போனதை தெமெனுகா பார்த்தாள்.

"அதைத் தொடாத," என்றாள். "பச்சைத் தண்ணி ஊத்தினா கண்ணாடி வெடிக்கும். வெடிச்சா நம்ம கணு அத்தனையும் டிரம்மோட அடியில கிடக்கும். கொதிக்கட்டும்."

"என்னது?"

"கொதிக்கட்டும்னேன். நாப்பது நிமிஷம் முழுசா. அப்புறம் தானா ஆறட்டும்."

"உனக்குப் பைத்தியமா?"

"செவ்வாய்க்கிழமை மதியத்துலேர்ந்து அது ஃபார்மலின்ல கிடக்கு. மூணு நாள். உள்ள வரைக்கும் இறுகியிருக்கும். இனி கொதி அதை ஒண்ணும் பண்ணாது. நான் வேலை கத்துக்கிட்ட எடத்துல, அவசரம்னா ஃபார்மலின்ல போட்டே கொதிக்கவச்சு வெட்டுவோம். பார்க்க நல்லாவே இருக்கும். எனக்கு பயம் கண்ணாடி மேலதான், வெப்பத்து மேல இல்ல."

மெதோடி தலையை ஆட்டினார். "அம்மா சொல்றது சரி."

"உங்களுக்கு மிளகாய் வேகணும். அதனால சரி," என்றான் ஓக்னியான்.

"எதுக்காக இருந்தா என்ன, சரி சரிதானே."

உட்கார வேறு இடமில்லாததால் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பென்கா பழக்கதோஷத்தில் ஆளுக்கொரு கத்தியும் ஒரு குவியல் மிளகாயும் தள்ளினாள். சுட்ட மிளகாயின் தோலை ஓக்னியான் ஒரே இழுப்பில் உரித்தான். சதையில் ஒரு கீறல்கூட விழவில்லை.

"இவர் வேலைக்கு ஆவார்," என்றார் மெதோடி.

"மெதோடி, வாயை மூடு," என்றாள் பென்கா. அவள் கண் கலங்கியிருந்தது.

அப்போது டிரம்முக்குள் டப்பென்று ஒரு சத்தம் கேட்டது.

யாரும் நகரவில்லை. மெதோடி மெல்லச் சொன்னார்: "வருஷத்துக்கு ஒண்ணு போகும்."

தெமெனுகா எழுந்து டிரம்மிடம் போனாள். ஆவி முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். ஃபார்மலின் சூடான ஆவியில் வந்தால் மூக்குக்குள் ஊசி குத்துவதுபோல் இருக்கும். கண்ணில் நீர் கொட்டும். முப்பத்தோரு வருடத்தில் அது அவள் துணியிலும் தலைமுடியிலும் குடியேறியிருந்தது. இன்னொரு முறை முகர்ந்தாள். மிளகாய். உப்பு. ஈரக் காகிதம்.

"நம்மளுது இல்ல," என்று சொல்லி வந்து உட்கார்ந்தாள்.

"நிச்சயமா?" என்றான் ஓக்னியான்.

"நிச்சயமா. மிளகாயை உரி."

கடிகாரம் அடித்தது. மெதோடி எரிகிற விறகை வெளியே இழுத்துப் போட்டார். பிறகு காத்திருந்தார்கள். தண்ணீர் கை பொறுக்கிற சூட்டுக்கு வர இரண்டரை மணி நேரம் ஆனது. அதற்குள் பென்கா ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள். ஓக்னியான் மூன்று முறை எழுந்துபோய் டிரம்மைத் தொட்டுப் பார்த்தான். மூன்று முறையும் மெதோடி கையைத் தட்டிவிட்டார்.

ஜாடிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஊறிய காகிதத்தைத் துடைத்துத் துடைத்துப் புல்லின் மேல் அடுக்கினாள் பென்கா. சிவப்பு. சிவப்பு. தக்காளி. சிவப்பு. உடைந்தது மூன்றாவது அடுக்கில் இருந்தது. மெதோடியின் சொந்த மிளகாய். அவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பென்கா அவரை முறைத்தாள்.

எண்பத்து ஏழாவது ஜாடியைத் துடைத்ததும் பென்கா அப்படியே நின்றாள். உள்ளே வெளுத்த மஞ்சளாக ஒரு கட்டி மிதந்தது. மேலே ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டு கொதியில் கரைந்துவிட்டது, ஆனால் மூடி இறுக்கமாக இருந்தது.

தெமெனுகா ஜாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். மெதுவாகத் திருப்பினாள். கட்டியின் ஒரு நுனியில் நீல நூல் ஒன்று முடிச்சுப் போட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, தமனி பிரிகிற இடத்தில் எடுத்த துண்டில் ஓக்னியான் எப்போதும் போடுகிற முடிச்சு. அந்த வாரம் இந்த மாதிரி அறுவை வேறு எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தாலும் அந்த முடிச்சை வேறு யாரும் போடுவதில்லை.

"உன் நூல்," என்றாள்.

ஓக்னியான் குனிந்து பார்த்தான். தாடையைத் தடவிக்கொண்டான்.

"அம்மா," என்றார் மெதோடி, "மத்ததையெல்லாம் சாப்பிடலாமா?"

"ஒரு சொட்டுக்கூட வெளிய வரல. ஆனா டிரம் தண்ணியைத் தோட்டத்துல ஊத்தாதீங்க. ஜாடி எல்லாத்தையும் சோப்புப் போட்டுக் கழுவுங்க."

"அப்போ சாப்பிடலாம்."

"நானா இருந்தா சாப்பிடுவேன்."

"சரி. முதல் ஜாடி என் மச்சான் வீட்டுக்கு. அவன் நல்லா இருந்தா நான் சாப்பிடறேன்."

"என் தம்பியை இழுக்காத," என்றாள் பென்கா. அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை தெமெனுகா அந்தக் கொழுப்பைப் பலகையில் வைத்தாள். வழக்கத்தைவிட இறுகியிருந்தது. கத்திக்கு அது வசதி. விரல் நுனியால் ஓரத்திலிருந்து தொடங்கித் தடவினாள். உருண்டையாக எது பட்டதோ அதை எடுத்து வைத்தாள். ஐந்து. ஒன்பது. பதிமூன்று. மிச்சக் கொழுப்பைத் தூக்கிப் போடாமல் மெல்லிசாக நறுக்கி, இன்னொரு முறை தேடினாள். இன்னும் ஆறு கிடைத்தது. மொத்தம் பத்தொன்பது. பென்கா எதிரில் நின்று ஒவ்வொன்றையும் எண் போட்ட சிறு பெட்டியில் வைத்து, எண்ணை உரக்கச் சொல்லி எழுதினாள். யாரும் அவளை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை கண்ணாடித் தகடுகள் தயாராயின. சாயம் கொஞ்சம் மங்கலாகப் பிடித்திருந்தது. அணுக்கள் தெளிவாகவே இருந்தன. ஒன்று முதல் பத்து வரை சுத்தம். பதினொன்றாவது கணுவின் உறைக்கு அடியில் ஒரு கூட்டம் இருந்தது. கடுகளவு. அவள் ராங்கெலின் கட்டியின் தகட்டைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அதே முகம். உறை கிழியவில்லை. மிச்ச எட்டும் சுத்தம், வலது பக்கத்துப் பதினான்கும் சுத்தம்.

அந்தப் பதினொன்று நூல் முடிச்சுக்கு அருகில் இருந்தது அல்ல. கீழே, எல்லோரும் எடுக்கிற இடத்தில் இருந்தது. அதையும் எழுதினாள்.

மதியம் ஓக்னியான் கீழே இறங்கி வந்தான். அறிக்கையை நின்றுகொண்டே படித்தான்.

"முப்பத்து மூணுல ஒண்ணு."

"ஒண்ணு."

"டிரம்மைப் பத்தி எழுதித்தான் ஆகணுமா?"

அவள் எழுதியிருந்தது இது: 'இடது பக்கத்துத் திசு தவறுதலாக ஆஸ்பத்திரிக்கு வெளியே கொண்டு செல்லப்பட்டு, மூடிய ஜாடியில் நாற்பது நிமிடம் கொதிநீரில் இருந்தது. அறுவை செய்தவரின் அடையாள நூலால் உறுதி செய்யப்பட்டது. திசுவின் அமைப்பு படிக்கத்தக்க நிலையில் உள்ளது.'

"எழுதித்தான் ஆகணும்."

"கமிஷன்ல சிரிப்பாங்க."

"சிரிச்சு முடிச்சதும் அந்தப் பதினொண்ணாவதைப் பார்க்கட்டும். தகட்டை நானே கொண்டுவரேன்."

கமிஷனில் சிரித்தார்கள். பிறகு தகட்டைப் பார்த்தார்கள். மருந்து என்று முடிவாக ஐந்து நிமிடம் ஆனது.

திசுவை ஆராய்கிற பெதாலஜி டாக்டர்கள் நோயாளியைப் பார்ப்பதில்லை. தெமெனுகா ராங்கெலின் சிறுநீர்ப்பையை அறிவாள், முகத்தை அறியமாட்டாள். ஆனால் ஓக்னியான் சொன்னான்: "ஜாடிக் கதையை நான் சொன்னா நம்பமாட்டார். நீ வா."

ராங்கெல் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஒல்லி. விரல் இடுக்குகளில் இன்னும் பச்சைப் பெயின்ட் இருந்தது. மனைவி தஃபினா பக்கத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெமெனுகா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ராங்கெல் தையல் வலிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மிளகாயோட வேகவச்சீங்களா? டாக்டரம்மா, பட்டறையில சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான்."

தஃபினா சிரிக்கவில்லை. "கிடைக்காமப் போயிருந்தா?"

"இடது பக்கம் பார்க்கலன்னு எழுதியிருப்பேன். கமிஷன் ஊகம் பண்ணியிருக்கும்."

"ஊகத்துல என்ன சொல்லியிருப்பாங்க?"

"அநேகமா வீட்டுக்குப் போங்கன்னு."

தஃபினா பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். "உங்க ஆளுங்க கவனமில்லாததால இவர் செத்திருப்பார்."

"ஆமா. அந்த ஆபத்து இருந்துச்சு," என்றாள் தெமெனுகா. "எங்க தப்பு. புகார் எழுதணும்னா எழுதுங்க. என் அறிக்கையில எல்லாம் இருக்கு, நகல் தரேன்."

தஃபினா நகலை வாங்கினாள். நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். எழுதப் போகிறாளா என்று சொல்லவில்லை.

"எனக்கு அதைப் பார்க்கணும்," என்றார் ராங்கெல். "அந்த ஒண்ணை."

ஓக்னியான் அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். சக்கர நாற்காலியில் கீழே கொண்டுபோனார்கள். அவள் நுண்ணோக்கியின் உயரத்தைக் குறைத்துத் தகட்டை வைத்தாள். ராங்கெல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"ஊதாவா இருக்கு."

"அது நாங்க போட்ட சாயம். நடுவுல இருட்டா நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்குதே, அதுதான்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். வெளிய எடுத்தாச்சு. ஆனா இங்க வரைக்கும் வந்திருக்குன்னா ரத்தத்துல ஒண்ணு ரெண்டு சுத்திக்கிட்டு இருக்கலாம். மருந்து அதுக்கு."

"கப்பல் அடியில விரலளவு துரு தெரிஞ்சாக்கூட மொத்தத்தையும் சுரண்டி மறுபடி அடிப்போம்," என்றார் அவர். கண்ணை எடுக்கவில்லை. "எத்தனை பேர் பிழைப்பாங்க, டாக்டரம்மா? நேராச் சொல்லுங்க."

"நுழைஞ்சிருக்கறது ஒரே கணுவுல. உறை கிழியல. முப்பத்து மூணு எடுத்துத் தேடியாச்சு. மருந்தை முழுசாத் தாங்கினீங்கன்னா பாதிக்கு மேல. உங்க விஷயத்துல நான் அதுக்கும் மேல சொல்வேன்."

"மருந்து இல்லாம?"

"பாதிக்குக் கீழ. நிறையவே கீழ."

ராங்கெல் நிமிர்ந்தார். மனைவியைப் பார்த்தார். "தஃபினா, ஆறு வாரம் கழிச்சு என்ன தேதி வருது?"

அவள் ஏற்கெனவே கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்டோபர் கடைசி. உங்க தங்கச்சி மகனோட கல்யாணம் அப்போ."

"கல்யாணத்தை அவங்க பாத்துக்கட்டும்."

நான்கு சுற்று மருந்து ஏற்றினார்கள். மூன்றாவதில் காது இரைந்தது, எடை பதினொரு கிலோ குறைந்தது. நான்காவதை இரண்டு வாரம் தள்ளிப்போட்டார்கள், நிறுத்தவில்லை. தஃபினா புகார் எழுதினாள். விசாரணை நடந்தது. பென்காவுக்கு எழுத்தில் கண்டனம் வந்தது, ஆஸ்பத்திரிக்குப் பிளாஸ்டிக் டப்பாவும் வந்தது.

நல்ல செய்தி பெதாலஜிக்கு வருவதில்லை. நோய் திரும்பியவர்கள்தான் மறுபடி வருவார்கள். ஈரலிலிருந்தோ எலும்பிலிருந்தோ எடுத்த ஒரு துணுக்காக, அதே பெயருடன். முதல் வருடம் பதிவேட்டில் ராங்கெலின் பெயர் இல்லை. இரண்டாம் வருடமும் இல்லை. மூன்றாம் வருடம் மே மாதம் ஓக்னியான் தொலைபேசியில் அழைத்தான்.

"ராங்கெலோட ஸ்கேன் பார்த்தேன்."

"சுத்தம்தானே."

"யார் சொன்னா?"

"என்கிட்ட வரலையே."

அவன் சிரித்தான். "நேத்து ஆத்தங்கரையில பார்த்தேன். யாரோட படகுக்கோ பெயின்ட் அடிச்சிட்டிருந்தார். ஆவி உள்ள போகாம முகமூடி போட்டிருந்தார்."

"சிகரெட்டை விட்டாரா?"

"அதை மட்டும் கேக்காத."

"நாளைக்கு அவரை என் ரூமுக்கு அனுப்பு," என்றாள் தெமெனுகா. "பத்து மணிக்கு. அந்தப் பதினொண்ணாவது தகட்டை மறுபடி ஒரு தடவை பார்க்கட்டும். தஃபினாவையும் கூட்டிட்டு வரச் சொல்லு."